பலகையின் வலப்பக்கம்

“வாயத் தொறங்க,” என்றார் வெர்னா. “இன்னும் கொஞ்சம். வலிக்காது.”

நிலவறைக்கு இறங்கும் மரப்படியின் கடைசியில் நின்றிருந்த நொயெமி, தன்னிடம்தான் சொல்கிறார் என்று நினைத்துப் பாதி வாயைத் திறந்துவிட்டாள். அதற்குள் டக்கென்று ஒரு சத்தம். பழுப்பேறிய கணினி ஒன்றின் மேல்மூடி கழன்று வந்தது. வெர்னா அதைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, நெற்றியில் மாட்டியிருந்த விளக்கை உள்ளே திருப்பினார். தலை நிமிரவில்லை.

“மியூசியத்துலேர்ந்து மொழிபெயர்க்க வந்த பொண்ணு நீதானா?”

“ஆமாங்க.”

“காபி நெறைய குடிப்பியோ?”

“அப்படி ஒண்ணும் இல்ல.”

“இருக்கு. கீழ்வரிசை, முன்பல்லு, பின்பக்கம். படியில இறங்கும்போதே தெரிஞ்சிருச்சு. சரி உக்காரு. பேனா இருக்கா?”

“இருக்கு.”

“நான் சொல்லச் சொல்ல எழுது. மூணு-ஆறு, இருக்கு. மூணு-ஏழு, இருக்கு. மூணு-எட்டு, எழுத்து தேஞ்சிருக்கு. நாலு-ஒண்ணு, காலி, குழி மட்டும்.”

நொயெமி நாலு வரி எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினாள். “இதெல்லாம் பல்லுங்களா?”

“பல்லுன்னா சம்பளம் குடுப்பாங்க கண்ணு. இது சிப்பு.”

வெர்னா ரெம்பெலுக்கு வயது ஐம்பத்து நாலு. வின்னிபெக்கில், ஆற்றுக்கு வடக்கே ஒரு பல் மருத்துவரிடம் முப்பத்தொரு வருடமாகப் பல் சுத்தம் செய்கிறார். திங்கள் முதல் வியாழன் வரை மனிதர்களின் வாய். வெள்ளி, சனி, ஞாயிறு கணினிகளின் வாய். இரண்டுக்கும் ஒரே முகக்கவசம், ஒரே பூதக்கண்ணாடி, ஒரே குரல். மருத்துவமனையில் விளக்கை மாற்றியபோது பழைய விளக்கைக் கேட்டு வாங்கிவந்து நிலவறையில் தொங்கவிட்டிருக்கிறார். கணினியைக் கிடத்துவதற்கு முன் அதன் அடியில், நோயாளியின் கழுத்தில் கட்டுவார்களே, அந்த நீலக் காகிதத் துணியை விரிக்கிறார். அதன் சங்கிலியைச் சுற்றிக் கவ்வியும் மாட்டிவிடுகிறார். கணினி எச்சில் வடிக்காது என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் மாட்டாமல் கை வராது.

அவர் செய்வது ஒரு பட்டியல். எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து பதினைந்து ஆண்டுகளில் வந்த தனிக் கணினிகளின் மதர்போர்டுகளில் என்னென்ன சில்லுக் கூட்டம் இருந்தது, எது எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது, எது எதனோடு சேரும், எது முதலில் கெடும் என்ற பட்டியல். செயலியின் பெயரை எல்லாரும் அறிவார்கள். விளம்பரத்தில் போட்டார்கள், பெட்டியின் நெற்றியில் ஒட்டினார்கள். நினைவகத்துக்கும் விசைப்பலகைக்கும் திரைக்கும் செயலிக்கும் நடுவே ஓடியாடி வேலை பார்த்த நாலைந்து சில்லுகளின் பெயரை யாரும் கேட்டதில்லை. வெர்னாவுக்கு அதில் தீராத வருத்தம்.

“சிரிக்கும்போது தெரியறது முன்பல்லு,” என்பார். “அதத்தான் எல்லாரும் பாப்பாங்க. மெல்லறது யாரு? கடவாப்பல்லு.”

இப்படி ஆயிரத்து முந்நூற்றுப் பதினாறு பலகைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள், ஒரு படம். எல்லாமே பல் மருத்துவமனை அட்டையின் முதுகில் எழுதப்பட்டவை. பலகையை நாலு கால்பகுதியாகப் பிரித்து, பல்லுக்கு எண் போடுவதுபோலவே சில்லுக்கும் எண் போட்டிருந்தார். மின்கலம் கசிந்து பச்சை பூத்திருந்தால் ‘சொத்தை’ என்று குறிப்பு. ஒரு காலத்தில் சில தயாரிப்பாளர்கள் பலகை நிறைவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக உள்ளே ஒன்றுமே இல்லாத வெறும் பிளாஸ்டிக் சில்லுகளை ஒட்டி விற்றார்கள். வெர்னாவின் தாளில் அவற்றின் பெயர் ‘பொய்ப்பல்’. கழற்றிய பொய்ப்பற்கள் நாற்பதை ஒரு கண்ணாடி டம்ளரில் போட்டு மேசையோரம் வைத்திருக்கிறார். தண்ணீர் ஊற்றவில்லை, அவ்வளவுதான்.

சில்லின் முதுகில் உள்ள எழுத்து தேய்ந்திருந்தால் வெர்னாவுக்கு ஒரு வித்தை உண்டு. முகக்கவசத்தை இறக்கி, குனிந்து, ‘ஹா’ என்று ஒரு மூச்சு விடுவார். மூச்சின் ஈரம் படிந்த நொடியில் எழுத்து வெள்ளையாக எழும்பும். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பது பாகை குளிர், உள்ளே வெப்பமூட்டியின் வறட்டுக் காற்று. மூன்று எண்ணுவதற்குள் ஈரம் காய்ந்து எழுத்து மறைந்துவிடும். அந்த மூன்று எண்ணிக்கைக்குள் அவர் படிக்க வேண்டும், நொயெமி எழுத வேண்டும். பலகையில் செருகி நிற்கும் மின்னட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சில்லென்றால் வாய்க்கண்ணாடியை உள்ளே நீட்டி, தலைகீழும் இடவலமும் மாறித் தெரிவதை நேரே படிப்பதுபோல் கடகடவென்று படிப்பார். வெள்ளிக்கிழமைகளில் பூண்டு போட்ட வெள்ளரி ஊறுகாயைத் தொடுவதில்லை. “மூஞ்சிக்கு நேரா மூச்சு விடறோம். ஒரு மரியாதை வேணாமா?”

கேள்வி கேட்பதில் மட்டும் அவருக்கு ஒரு தொழில் நோய். வாய் நிறையக் கருவி இருக்கும் ஆட்களிடமே முப்பத்தொரு வருடம் பேசியதால், பதிலுக்காகக் காத்திருக்கும் பழக்கம் விட்டுப்போயிருந்தது. “வீட்ல எல்லாரும் சௌக்கியமா? சௌக்கியந்தான். ரோட்ல பனி அள்ளிட்டாங்களா? எங்க அள்ளினாங்க?” என்று கேள்வியும் பதிலும் அவரே. நொயெமிக்கு இது வசதியாக இருந்தது. ஊரின் பிரெஞ்சுப் பகுதியான சென் போனிஃபாஸில் பிறந்து, காலையில் பிரெஞ்சிலும் மதியத்துக்கு மேல் ஆங்கிலத்திலும் பாடம் படித்தவள் அவள். இரண்டு மொழி தெரிந்ததால் இரண்டு மொழியிலும் பேசாமல் இருக்கத் தெரியும்.

அந்த ஊரில் அரசாங்கத்து அருங்காட்சியகம் எதையும் ஒரு மொழியில் அச்சிடாது. பட்டியலைப் புத்தகமாக்க ஒப்புக்கொண்டவர்கள் இரண்டு நிபந்தனை போட்டார்கள். பிரெஞ்சிலும் வேண்டும், ‘மூணு-ஆறு’ மாதிரி எண்கள் வாசகருக்குப் புரியாது, இடத்தைச் சொல்லால் எழுத வேண்டும். வெர்னா முணுமுணுத்துக்கொண்டே ‘மேல் வலது’, ‘கீழ் இடது’ என்று எழுதிக் கொடுத்தார். கூடவே பழைய கணினிச் சங்கத்தின் தலைவர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று வேண்டும், பட்டியல் சரியானது என்று. அதை யாரும் ஒரு நிபந்தனையாகவே எண்ணவில்லை. சங்கத் தலைவர் ஒரெஸ்ட், வெர்னாவுக்கு இருபது வருடச் சிநேகிதர். முடிந்த தாள்களின் நகல் இரண்டு மொழியிலும் அவ்வப்போது சங்கத்துக்குப் போனது.

வினை பிடித்தது நாலாம் தாளில். வெர்னா ‘கீழ் வலது’ என்று எழுதியிருந்த சில்லு, படத்தில் நொயெமி பார்க்கையில் கீழ் இடப்பக்கம் இருந்தது. ஐந்தாம் தாளிலும் அப்படியே. ஆறாம் தாளிலும். கேட்டிருக்கலாம். கேட்பதற்கு ஒரு வாக்கியம் வேண்டும், அதை எப்படி ஆரம்பிப்பது என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வெர்னா அடுத்த பலகையின் வாயைத் திறந்துவிட்டார். களைப்பில் மாற்றி எழுதிவிட்டார் போலும், பாவம், பெரிய மனுஷிக்கு எதற்குச் சங்கடம் என்று நொயெமி பிரெஞ்சில் மட்டும் வலதை இடதாக, இடதை வலதாகத் திருத்தி எழுதினாள். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

சங்கம் மாதத்தின் முதல் சனிக்கிழமை, ஹாக்கி மைதானத்தை ஒட்டிய சமூகக் கூடத்தில் கூடும். பதினெட்டு ஆண்கள், வெர்னா, ஒரு காபி இயந்திரம். வெர்னா வீட்டிலிருந்து ஆப்பிளும் பாலாடைக்கட்டியும் நறுக்கிக் கொண்டுவருவார். டோனட் டப்பா எப்போதும் அச்சுப்பொறிக்குப் பின்னால் ஒளித்து வைக்கப்பட்டிருக்கும். மாதத்தில் அந்த ஒரு காலை மட்டும் பதினெட்டுப் பேரும் பல்லிடுக்கில் நூல் விட்டுச் சுத்தம் செய்துவிட்டு வருவார்கள் என்பது அவர்களின் மனைவிமார்கள் சொல்லித்தான் ஊருக்குத் தெரியும்.

பிப்ரவரிக் கூட்டத்துக்கு ஒரெஸ்ட் ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்தார். தொலைபேசிக் கம்பங்களில் ஏறி ஓய்வுபெற்ற மனிதர், கட்டைக் குரல். உக்ரேனிய மொழியில் திட்டவும் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்கவும் தெரியும். பிரெஞ்சு தெரியாது. அன்று மேல்கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

“வெர்னா, முந்நூத்தி எழுவத்தொண்ணாம் தாள் எழுதினது நீதானே?”

“நான்தான்.”

“அந்தப் பலகைல கெட்டுப்போற சிப்பு எங்க இருக்குன்னு போட்டிருக்க?”

“கீழ் வலது.”

“நானும் கீழ் வலதுதான் எடுத்தேன்.” டப்பாவைத் திறந்து நீட்டினார். பஞ்சின் மேல் ஒரு சதுரச் சில்லு, பிடுங்கிய பல்லைக் குழந்தையிடமே கொடுத்தனுப்புவதுபோல் கிடந்தது. “சூடு காட்டி, எம்பத்து நாலு காலையும் ஒண்ணொண்ணா விடுவிச்சு எடுத்தேன். கூடவே செப்புக் கோடும் உரிஞ்சு வந்துருச்சு. எம்பத்தெட்டுல வாங்கின மெஷினு.”

வெர்னா பூதக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார். “நல்ல சிப்பு. எதுக்கு எடுத்த? இது கீழ் இடது.”

“என் வலது கை இதுதானே?”

“உன் வலது கை அதுதான். உன் கைய யாரு கேட்டா? நான் எழுதினது பலகையோட வலது.”

“பலகைக்கு ஏதும்மா கை?”

கூடம் சிரித்தது. வெர்னா சிரிக்கவில்லை. “அது உன்னப் பாத்துப் படுத்திருக்கு ஒரெஸ்ட். உன் எதிர்ல ஒருத்தர் படுத்திருந்தா அவரு வலது உனக்கு எந்தப் பக்கம்? இதுகூடத் தெரியாமலா இருபது வருஷமா மூடியக் கழட்டற?”

“முப்பது வருஷம் கம்பத்துல ஏறினேன். ஒரு கம்பம்கூட என்னப் பாத்துப் படுத்ததில்ல.”

அப்போதுதான் நகராட்சியின் பனியள்ளும் வண்டி ஓட்டுகிற ரெழான், வாயில் ஆப்பிள் துண்டோடு, நடுவே புகுந்தார். “எனக்கும் அதே பலகை, அதே நோவு. போன வாரம் எடுத்தேன், ஓடுதே. தாள்ல கீழ் இடதுன்னுதான் இருந்துச்சு.”

“எந்தத் தாள்ல?”

“பிரெஞ்சுத் தாள்ல.”

“ஆக, பிரெஞ்சுல படிச்சாத்தான் இந்த ஊர்ல மெஷினு ஓடும்,” என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். இந்த முறை காபி இயந்திரத்தின் சத்தமே கேட்காத அளவுக்குச் சிரிப்பு. வெர்னா மெல்லத் திரும்பி, கடைசி நாற்காலியில் இருந்த நொயெமியைப் பார்த்தார்.

“நீ மாத்தினியா?”

“ஆமாங்க.”

“எத்தன தாள்?”

“நானூத்திப் பன்னெண்டு.”

“எப்பலேர்ந்து?”

“நாலாம் தாள்லேர்ந்து.”

“ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே.”

நொயெமி இரண்டு மொழியிலும் ஒரு வாக்கியத்தைத் தேடினாள். வெர்னா பதிலுக்குக் காத்திருக்கிற ஆள் இல்லை. அன்று அது வசதியாக இருக்கவில்லை.

ஒரெஸ்ட் அப்போதே சொல்லிவிட்டார். ஆங்கிலத் தாள் ஒருபக்கம் இழுக்க, பிரெஞ்சுத் தாள் மறுபக்கம் இழுக்கிற புத்தகத்துக்குத் தன் கையெழுத்து கிடையாது. ஆயிரத்து முந்நூற்றுப் பதினாறு தாளிலும் வலதைப் படிக்கிறவனின் வலதாக மாற்ற வேண்டும். மார்ச் கடைசிக்குள். இல்லாவிட்டால் அருங்காட்சியகத்தின் வரிசையில் அடுத்து நிற்பது பனிமோட்டார் வண்டிகளின் வரலாறு. அதற்கு வலதும் இடதும் தகராறு இல்லை.

“மாத்த மாட்டேன்,” என்றார் வெர்னா.

“பிடிவாதம்.”

“பிடிவாதமில்ல. படிக்கறவன் வருவான், பாப்பான், எழுந்து போயிடுவான். நாளைக்கு இன்னொருத்தன் தலகீழா நின்னு பாப்பான். பலகை எங்க போகும்? அது கிடக்கற இடத்துலதானே கிடக்கும்? அதோட வலது அதுக்குத்தான்.” பாலாடைக்கட்டி டப்பாவை மூடினார். மூடி ஒரு பக்கம் சரியாகப் பொருந்தவில்லை. அதை அழுத்தாமலே எடுத்துக்கொண்டு போனார். பனியில் அவர் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டபிறகு, யாரோ அச்சுப்பொறிக்குப் பின்னாலிருந்து டோனட் டப்பாவை எடுத்தார்கள். யாரும் எடுத்துத் தின்னவில்லை.

அடுத்த வெள்ளி நொயெமிக்கு அழைப்பு வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. ஒரு மன்னிப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். ஆங்கிலத்தில் எழுதினால் அளவுக்கு மீறிச் சுருக்கமாகவும், பிரெஞ்சில் எழுதினால் யாரோ இறந்துவிட்டதுபோலவும் வந்தது. இரண்டையும் கிழித்துப் போட்டாள். பன்னிரண்டு வருட வேலை, பதினாறு அட்டைப்பெட்டி, ஒருவர் மூச்சுவிட்டு விட்டுப் படித்த எழுத்து. தன் மரியாதையால் அது நிலவறையிலேயே தங்கிவிடப் போகிறது.

மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை, பல் மருத்துவமனையிலிருந்து நினைவூட்டல் வந்தது. முதல் நாள், அந்தக் காபிப் பேச்சுக்குப் பிறகு, வெர்னா அவளைக் கேட்காமலே முன்பதிவு செய்திருந்தார். நொயெமி மறந்தே போயிருந்தாள். ரத்துசெய்ய எண்ணித் தொலைபேசியை எடுத்தாள். காரணம் சொல்ல வேண்டுமே என்று வைத்துவிட்டாள். போய் நாற்காலியில் சாய்ந்தாள்.

“வாயத் தொற,” என்றார் வெர்னா. முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. அதில் ஒன்றும் படிக்க முடியவில்லை. “இன்னும் கொஞ்சம்.” கண்ணாடி உள்ளே போனது, சுரண்டும் ஊசி உள்ளே போனது, உறிஞ்சும் குழாய் கன்னத்தில் கொக்கி போட்டது. “காபி குறைச்சியா? குறைக்கல. தூக்கம் உண்டா? அதுவும் இல்ல.” சுரண்டல் தொடங்கியது. கீழ் முன்பல்லின் பின்பக்கம் ஆரம்பித்தார். எதிர்பார்த்த இடம்தான்.

“நானூத்திப் பன்னெண்டையும் படிச்சேன்,” என்றார் சற்று நேரம் கழித்து. “அகராதி வச்சுக்கிட்டு. ஒண்ணுகூட விடாம மாத்தியிருக்க. ஒரு தாள்லயாவது தவறுவன்னு பாத்தேன். இல்ல.”

நொயெமி ஏதோ சொல்ல முயன்றாள். குழாய் கொளகொளவென்றது.

“பேசாத. ஒரெஸ்ட் வந்தான் போன ஞாயிறு. அந்த உரிஞ்ச கோட்டையெல்லாம் நானும் அவனும் கம்பி போட்டு ஒட்டினோம். ஓடுது, இருமிக்கிட்டே. அப்ப அவன் ஒண்ணு சொன்னான். ‘மனுஷன்னா எனக்குப் புரிஞ்சிருக்கும் வெர்னா, மூஞ்சி இருக்கும். இதுக்கு மூஞ்சி எங்க’ன்னான்.” ஊசி நின்றது. “நியாயந்தானே?”

வெர்னா நாற்காலிக்குப் பின்னால் கைநீட்டி, மேசைமேல் இருந்த ஒரு அட்டையை எடுத்து விளக்கடியில் பிடித்தார். முந்நூற்று எழுபத்தொன்றாம் தாள். அதே படம், அதே ‘கீழ் வலது’. பலகைப் படத்தின் உச்சியில் மட்டும் புதிதாக ஒரு முகம். அதன் வாய் அத்தனை அழகு. மேல்வரிசை, கீழ்வரிசை, கடவாய்ப்பல்லின் பள்ளம்கூட விடாமல் போட்டிருந்தார். வாய்க்கு மேலே இருந்த இரண்டும் கண் என்று சொன்னால்தான் தெரியும். வெந்து பிதுங்கிய இரண்டு பியரோகிக் கொழுக்கட்டை மாதிரி இருந்தன. பலமுறை அழித்ததில் அட்டை அந்த இடத்தில் மெலிந்துபோயிருந்தது.

“எல்லாத் தாள்லயும் ஒரு மூஞ்சி. மூஞ்சி இருந்தா யாரு வலதுன்னு யாரும் கேக்கப் போறதில்ல. பிரெஞ்சுலயும் அப்படியே, என் வலது வலதாவே இருக்கணும். அப்படின்னா கையெழுத்துப் போடறேன்னான் ஒரெஸ்ட்.” அட்டையை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்தார். “வாயி நான் போட்டுருவேன். எனக்குக் கண்ணு வரல. ரெண்டாயிரத்து அறுநூத்தி முப்பத்திரண்டு கண்ணு. நீ போடறியா?”

கேட்டுவிட்டு அவர் பதில் சொல்லிக்கொள்ளவில்லை. கன்னத்திலிருந்து குழாயைக் கழற்றினார், ஊசியைத் தட்டில் வைத்தார், கண்ணாடியை வெளியே எடுத்தார். முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, காத்திருந்தார்.